கலவையும் கலப்படமும்

1

மான்ஹாட்டன் என்கிற காக்டெயிலுக்கு மூன்றே பொருட்கள். ரை விஸ்கி 60 மில்லி, இனிப்பு வெர்மூத் 30 மில்லி, அங்கோஸ்துரா பிட்டர்ஸ் இரண்டு சொட்டு. கண்ணாடி ஜாடியில் ஐஸ் நிரப்பி, மூன்றையும் ஊற்றி, நீளமான ஸ்பூனால் அரை நிமிடம் நிதானமாகக் கலக்கி, குளிரவைத்த கோப்பையில் வடிகட்ட வேண்டும். மேலே ஒரு செர்ரி. குலுக்கக் கூடாது. குலுக்கினால் காற்றுக் குமிழ்கள் ஏறி கலங்கிப்போகும். கலக்கினால் மரத்தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். அவ்வளவுதான். நியூயார்க்கில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த பானம். 1884இல் வெளிவந்த ஒரு மதுக்கடைக் கையேட்டிலேயே செய்முறை இருக்கிறது.

இதில் வெர்மூத் என்பது நம்மில் பலருக்கு அறிமுகமில்லாதது. அது ஒரு வலுவூட்டிய வைன். சாதாரண வைனில் திராட்சைச் சாராயம் சேர்த்து, மாசிப்பச்சை இனத்துச் செடியான வார்ம்வுட் முதலிய மூலிகைகளும் பட்டைகளும் ஊறவைத்து, கொஞ்சம் இனிப்பேற்றிச் செய்வது. வார்ம்வுட்டுக்கு ஜெர்மன் மொழியில் உள்ள பெயரிலிருந்துதான் வெர்மூத் என்ற பெயரே வந்தது. இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், டூரின் நகரத்தில் 1786 வாக்கில் அந்தோனியோ பெனடெட்டோ கார்ப்பானோ என்பவர் இதை விற்கத் தொடங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. ஆக, மான்ஹாட்டன் என்பது ஒரு கலவைக்குள் இன்னொரு கலவை.

குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதை ஒரு டீயை வைத்துக்கொண்டே படிக்கலாம். நான் பேச வந்தது குடியைப் பற்றி அல்ல. ஒரு வினைச்சொல்லைப் பற்றி.

"நல்ல விஸ்கிய ஏன்டா இப்படிக் கெடுக்குற?" என்று ஒரு நண்பன் கேட்டான். கேட்டவன் சிங்கிள் மால்ட் தவிர வேறெதையும் தொடாதவன். ஐஸ்கூடப் போடமாட்டான். அவன் சொன்ன 'கெடுக்குற' என்பது சாதாரணமான சொல்தான். ஆனால் அது ருசியைப் பற்றிய சொல்லாக எனக்குக் கேட்கவில்லை. 'எனக்குப் பிடிக்கல' என்று அவன் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. நான் எதற்கோ துரோகம் செய்கிறேன் என்கிற தொனி இருந்தது. விஸ்கிக்கா? அதைக் காய்ச்சியவருக்கா? 'சுத்தம்' என்கிற ஏதோ ஒன்றுக்கா?

தமிழில் கலவை, கலப்பு, கலப்படம் எல்லாம் ஒரே வேரிலிருந்து வருபவை. கலவை சமையல்கட்டுச் சொல், மேஸ்திரியின் சொல். கலப்பு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது திருமணம். கலப்படம் குற்றம். ஒரே செயல், அதாவது ஒன்றை இன்னொன்றில் சேர்ப்பது, ஓரிடத்தில் கலையாகவும் ஓரிடத்தில் சர்ச்சையாகவும் ஓரிடத்தில் சிறைத்தண்டனைக்குரியதாகவும் ஆகிறது. அந்த எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம்? யார் போடுகிறார்கள்?

2

முதலில் நண்பனின் கோப்பையைப் பார்ப்போம். அது எவ்வளவு சுத்தம்?

வாலையிலிருந்து இறங்கும் சாராயத்துக்கு நிறமே கிடையாது. தண்ணீர் மாதிரி இருக்கும். பொன்னிறமும் வனிலா வாசமும் ஓக் மரப்பீப்பாயிலிருந்து வருபவை. பல வருடம் மரத்தில் ஊறி, மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குடித்த பிறகுதான் அது விஸ்கி. பிறகு புட்டியில் அடைக்கும் முன் பெரும்பாலும் தண்ணீர் சேர்த்து 40 அல்லது 43 சதவீதத்துக்குக் குறைக்கிறார்கள். ஸ்காட்ச் விதிகளின்படி நிறத்துக்காக வெறும் கேரமல் சேர்க்கவும் அனுமதி உண்டு. 'சிங்கிள்' என்பதன் பொருள் ஒரே வடிப்பாலையிலிருந்து வந்தது என்பதுதான். ஒரே பீப்பாய் என்பதல்ல. நூற்றுக்கணக்கான பீப்பாய்களைக் கலந்து ஒரே ருசிக்குக் கொண்டுவருவது அங்கே ஒரு தனித் தொழில்.

இதில் வேடிக்கையான இடம் ஒன்று உண்டு. சிங்கிள் மால்ட் பிரியர்கள் உச்சத்தில் வைத்துக் கொண்டாடும் ஒரு வகை, ஷெர்ரிப் பீப்பாயில் முதிர்ந்தது. உலர்ந்த திராட்சை, அத்தி, ஆரஞ்சுத்தோல் என்றெல்லாம் வர்ணிப்பார்கள். ஷெர்ரி என்பது என்ன? தெற்கு ஸ்பெயினில் செய்யப்படும் வலுவூட்டிய வைன். அந்த வைன் ஊறிய மரத்தில்தான் விஸ்கி ஊறுகிறது. அதாவது என் நண்பன் குடித்துக்கொண்டிருந்ததும் விஸ்கியும் வலுவூட்டிய வைனும் சந்தித்துக்கொண்ட ஒன்றுதான். அவன் கோப்பையில் அந்தச் சந்திப்பு 12 வருடம் நடந்தது. என் கோப்பையில் அரை நிமிடம்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். தண்ணீர் சேர்த்தால் ருசி நீர்த்துப்போகும் என்று நினைக்கிறோம். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இருவர் 2017இல் கணினி மாதிரியில் விஸ்கியின் புகைவாசத்துக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். ஆல்கஹால் அளவு குறையும்போது அது திரவத்தின் மேற்பரப்பை நோக்கி வருகிறது, அதிகமாக இருக்கும்போது உள்ளேயே எத்தனாலால் சூழப்பட்டு நிற்கிறது என்று கண்டார்கள். சேர்க்கப்பட்ட ஒன்று, உள்ளே ஏற்கெனவே இருந்த ஒன்றை வெளியே கொண்டுவந்து நிறுத்தலாம். நாம் 'அசல்' என்று சொல்வது சில சமயம் அந்நியமான ஒன்று வந்த பிறகுதான் வாய் திறக்கிறது.

அப்போ, சுத்தம் நல்லது, கலப்பது கெட்டது என்கிற முதல் பதில் நிற்காது. அது ஒழுக்கரீதியாகத் தவறு என்பதால் அல்ல; அது சொல்கிற சுத்தம் எந்தப் புட்டியிலும் இல்லை என்பதால்.

3

இந்தக் கேள்வியைத் தத்துவவாதிகளை விட்டுவிட்டு நீதிமன்றமும் அரசாங்கமும் நேரடியாகக் கையில் எடுத்த ஒரு காலம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்து வருடங்கள்.

1905இல் லண்டனின் இஸ்லிங்டன் நகர நிர்வாகம் சில மதுக்கடைக்காரர்கள்மீது வழக்குத் தொடுத்தது. விஸ்கி என்று கேட்டவர்களுக்கு, தொடர்வடிப்புக் கலத்தில் மலிவாக எடுத்த தானியச் சாராயம் கலந்த பானத்தைக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நடுவர் கடைக்காரர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில் முடிவே எட்டப்படவில்லை. கடைசியில் 1908இல் அரச ஆணையம் ஒன்றை அமைத்து, 'விஸ்கி என்றால் என்ன?' என்று விசாரித்தார்கள். 1909இல் வந்த அறிக்கை, கலந்ததும் விஸ்கிதான் என்றது.

அதே சமயம் அட்லாண்டிக்குக்கு அந்தப்புறம் அதே சண்டை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் 'ரெக்டிஃபையர்' என்ற ஒரு வகை வியாபாரிகள் இருந்தார்கள். நிறமற்ற சாராயத்தில் நிறமும் வாசனையும் ஏற்றி, பழுத்த விஸ்கி என்று விற்பவர்களும் அவர்களில் உண்டு. 1906இல் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்தது. அதற்காக வருடக்கணக்கில் போராடிய வேளாண் துறைத் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி, மரத்தில் முதிர்ந்த நேர் விஸ்கி மட்டுமே விஸ்கி, மற்றதெல்லாம் போலி என்றார். கலப்பவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பஞ்சாயத்து மேலே மேலே போய், கடைசியில் 1909 டிசம்பரில் குடியரசுத் தலைவர் டாஃப்ட் தானே உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார். ஒரு நாட்டின் அதிபர் ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பொருள் சொல்வதற்காகத் தன் நேரத்தைச் செலவழித்திருக்கிறார். எனக்கு இது ரொம்பப் பிடித்த சம்பவம்.

அவர் சொன்னதன் சாரம் இது: கலந்ததையும் விஸ்கி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கலந்தது என்று லேபிளில் சொல்ல வேண்டும். நேர் விஸ்கி நேர் விஸ்கி என்று எழுதப்பட வேண்டும்.

இதில் ஒரு முக்கியமான நகர்வு நடந்திருக்கிறது. வைலி கேள்வியைப் பொருளுக்குள் வைத்திருந்தார்: இதற்குள் என்ன இருக்கிறது? டாஃப்ட் அதைப் பொருளுக்கும் மனிதருக்கும் நடுவே எடுத்துவைத்தார்: உள்ளே இருப்பதைக் குடிக்கிறவரிடம் சொன்னாயா? குற்றம் திரவத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. ஆக, கலப்படம் என்பது ஒரு பொய்யின் வகை.

நம் ஊர் விஷயத்தையும் இங்கே சொல்லிவிடலாம். இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்கும் மலிவான வகைகளில் பெரும்பகுதி கரும்பு மொலாசஸ் சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி தானியத்திலிருந்து வடிக்காததை விஸ்கி என்று அங்கே விற்க முடியாது. ஒரே புட்டி ஒரு நாட்டில் விஸ்கி, கப்பல் ஏறி இறங்கினால் வேறு ஏதோ. மொலாசஸில் இழிவு ஒன்றும் இல்லை. நல்ல ரம் அதிலிருந்துதான் வருகிறது. பிரச்சினை பெயரில்.

4

லேபிள் ஒட்டினால் போதும் என்று சொல்லி முடித்துவிடலாம்போல இருக்கிறது. ஆனால் கலப்பதில் இன்னொரு பயம் இருக்கிறது. அது பொய்யைப் பற்றியது அல்ல, இழப்பைப் பற்றியது. கலந்த பிறகு பழைய பொருள் எங்கே?

கிரேக்கர்கள் இதை யோசிக்க எடுத்துக்கொண்ட உதாரணமே வைனும் தண்ணீரும்தான். காரணம், அவர்கள் வைனைத் தண்ணீர் கலக்காமல் குடிக்கமாட்டார்கள். விருந்தின் நடுவே இருக்கும் பெரிய பாத்திரத்தின் பெயரான 'கிராட்டர்' என்பதே கலப்பது என்ற சொல்லிலிருந்து வந்தது. கலக்காமல் குடிப்பது காட்டுமிராண்டித்தனம். ஸ்பார்ட்டாவின் மன்னன் கிளியோமினிஸ் சித்தம் கலங்கியதற்கு, சித்தியர்களோடு பழகிக் கலக்காத வைனைக் குடிக்கக் கற்றுக்கொண்டதே காரணம் என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் சொன்னதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். என் நண்பனை அந்த விருந்தில் உட்கார வைத்தால் அவன்தான் காட்டுமிராண்டி. சுத்தத்தின் கௌரவம் எல்லாக் காலத்திலும் ஒரே பக்கம் இருந்ததில்லை.

அரிஸ்டாட்டில் கேட்கிறார்: இரண்டு பொருட்கள் கலந்தால் அவை அழிந்துவிட்டனவா, அப்படியே இருக்கின்றனவா? அழிந்துவிட்டால் அது கலவை அல்ல, இரண்டு சாவு. அப்படியே இருந்தால் அதுவும் கலவை அல்ல. கோதுமையும் பார்லியும் ஒரே சாக்கில் கிடக்கிற மாதிரி. போதுமான கூர்மையுள்ள கண்ணுக்கு அங்கே எதுவும் கலந்திருக்காது. அதற்கு அவர் எடுத்துக்காட்டுவது புராணத்தில் வரும் கூர்ங்கண் லின்கியூஸை. அவரது பதில் நடுவில் நிற்கிறது: செயலளவில் இரண்டும் இல்லை, ஆற்றலளவில் இரண்டும் இருக்கின்றன. புதியதாக ஒன்று வந்திருக்கிறது, ஆனால் பழையவற்றின் திறன் அதற்குள் உயிரோடு இருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை வைக்கிறார். இரண்டின் வலுவும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். பல்லாயிரம் அளவைத் தண்ணீரில் ஒரு சொட்டு வைனை விட்டால் அது கலக்காது, தண்ணீராகவே ஆகிவிடும். ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் இதை மறுத்தார். ஒரு சொட்டு வைன் கடல் முழுக்கப் பரவிக் கலக்கும் என்றார். கலந்தவற்றைத் திரும்பப் பிரிக்கவும் முடியும் என்று அந்தப் பள்ளிக்காரர்கள் நம்பினார்கள். எண்ணெயில் தோய்த்த கடற்பஞ்சை வைன் கலந்த தண்ணீரில் போட்டால் அது தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்று உதாரணமும் காட்டினார்கள். செய்து பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

இன்றைய வேதியியலிலிருந்து அரிஸ்டாட்டிலுக்கு ஒரு சின்ன ஆதரவு கிடைக்கிறது. 50 மில்லி எத்தனாலையும் 50 மில்லி தண்ணீரையும் சேர்த்தால் 100 மில்லி வராது. சுமார் 97 மில்லிதான் வரும். மூலக்கூறுகள் ஒன்றின் இடைவெளியில் ஒன்று நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன. கோதுமையும் பார்லியும் ஒரே சாக்கில் கிடந்தாலும் இடைவெளி நிரம்பும், உண்மை. ஆனால் இங்கே அதோடு ஒன்றையொன்று பிணைத்துக்கொள்ளவும் செய்கின்றன. கலக்கும்போது லேசாகச் சூடேறுவதைக் கையாலேயே உணரலாம். ஏதோ நடந்திருக்கிறது. சும்மா பக்கத்தில் நிற்கவில்லை.

நான் மென்பொருள் துறையில் இருப்பதால் அந்த ஒரு சொட்டு வைன் எனக்கு வேறு விதமாகப் புரிகிறது. நான் முன்பு இருந்த 11 பேர் கொண்ட சிறிய நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. 'இன்டக்ரேஷன்' என்று அழகான பெயர். உங்கள் கலாச்சாரத்தையும் எங்களுடையதையும் கலக்கப்போகிறோம் என்று மேடையில் சொன்னார்கள். எட்டு மாதத்தில் எங்கள் கோட் களஞ்சியம் மூடப்பட்டது, பெயர் போனது, நாங்கள் வைத்திருந்த வேலைமுறை போனது. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தது, லேபிள் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தது கலவை அல்ல. அரிஸ்டாட்டிலின் சொட்டு. பெரும்பான்மை சிறுபான்மையிடம் 'எங்களோடு கலந்துவிடு' என்று சொல்லும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி: கலக்கச் சொல்கிறாயா, கரையச் சொல்கிறாயா?

அதே சமயம் கிரிசிப்பஸும் முழுக்கத் தோற்கவில்லை. மான்ஹாட்டனில் பிட்டர்ஸ் இரண்டே சொட்டு. 1824 வாக்கில் வெனிசுவேலாவின் அங்கோஸ்துரா ஊரில், சிமோன் பொலிவாரின் படையில் மருத்துவராக இருந்த சீகர்ட் என்ற ஜெர்மானியர் வயிற்றுக்கோளாறுக்காகத் தயாரித்த மருந்து அது. 90 மில்லியில் இரண்டு சொட்டு. ஆனால் அது இல்லாவிட்டால் முதல் மிடறிலேயே தெரியும். விஸ்கியும் வெர்மூத்தும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கும். அளவு சிறியது என்பதற்காகக் குரல் சிறியது என்று ஆகாது. இடம் கொடுக்கப்படுகிறதா என்பதுதான் விஷயம்.

5

இப்போது லேபிளுக்குத் திரும்புவோம். சொல்லிவிட்டுக் கலந்தால் குற்றமில்லை என்றால், எல்லாருக்கும் தெரிந்தே நடக்கிற கலப்படத்தை என்ன சொல்வது?

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் செய்யப்படும் போர்ட் வைனின் கதை இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வைன் கெடாமல் இருக்கக் கொஞ்சம் பிராந்தி சேர்த்தார்கள். கூடவே மோசமான வைனுக்கு நிறமேற்ற எல்டர் பழச்சாற்றையும் சேர்த்தார்கள். 1756இல் பொம்பால் பிரபுவின் அரசு அந்தப் பகுதிக்கு எல்லை வகுத்து, ஒரு நிறுவனத்தை அமைத்து, எல்டர் மரங்களையே பிடுங்கி எறிய உத்தரவிட்டது. ஆனால் பிராந்தி போகவில்லை. மாறாகக் கூடியது. புளித்துக்கொண்டிருக்கும்போதே பிராந்தியை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், திராட்சையின் சர்க்கரை மிஞ்சும், வைன் இனிப்பாக நிற்கும் என்று கண்டுகொண்டார்கள். குடிப்பவர்களுக்கும் அது பிடித்துவிட்டது.

1844இல் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்ற ஆங்கில வியாபாரி ஒரு சிறுநூல் எழுதினார். டோரோவில் வாழ்ந்து, அந்த ஆற்றுக்கு வரைபடம் போட்டவர். நல்ல போர்ட்டுக்கு பிராந்தி தேவையில்லை, நாம் செய்வது கலப்படம் என்றார். சக வியாபாரிகள் கொதித்துப்போனார்கள். ஃபாரஸ்டர் 1861இல் அதே டோரோ ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தார். வரலாறு அவருக்கு எதிராகத்தான் போனது. இன்றைக்கு போர்ட்டின் வரையறையே பிராந்தி சேர்த்த வைன் என்பதுதான். வழக்கமான கணக்கு: 435 லிட்டர் புளிக்கும் சாற்றுக்கு 115 லிட்டர் திராட்சைச் சாராயம். அவர் கலப்படம் என்று சொன்னது செய்முறை ஆகிவிட்டது.

அப்படியென்றால் பொய் போதுமான காலம் நீடித்தால் உண்மையாகிவிடுமா? எல்லாரும் செய்தால் சரியாகிவிடுமா? இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. எங்கள் தெருப் பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். எவ்வளவு கலக்கிறார்கள் என்றுகூட அம்மா சொல்லிவிடுவார். ஆனாலும் அது செய்முறை ஆகவில்லை, கலப்படமாகத்தான் இருக்கிறது. போர்ட்டுக்கும் இந்தப் பாலுக்கும் என்ன வித்தியாசம்?

நான் யோசித்தவரையில் இப்படி. போர்ட் வாங்குபவர் பிராந்தி சேர்த்ததைத்தான் கேட்கிறார். சேர்க்காதது வேண்டுமென்றால் அதே டோரோவில் சாதாரண வைன் வேறு பெயரில் கிடைக்கிறது. பால் வாங்குபவர் தண்ணீரைக் கேட்கவில்லை. அவருக்கு சந்தேகம் இருக்கிறது, தகவல் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வேறு வழியும் இல்லை. ஆகவே 'தெரிந்திருப்பது' மட்டும் போதாது. மறுக்க முடிந்திருக்க வேண்டும். மறுக்க வழியில்லாதவரிடம் ஒட்டப்படும் லேபிள் வெறும் அறிவிப்புப் பலகை.

இது ஏதோ சொல்லாராய்ச்சி என்று தோன்றினால் இரண்டு சம்பவங்கள். 1985இல் ஆஸ்திரியாவில் வைனை இனிப்பாகவும் கனமாகவும் காட்ட டைஎத்திலீன் கிளைக்கால் சேர்த்தது அம்பலமானது. குடித்தவர்களுக்கு ருசி பிடித்துத்தான் இருந்தது. 'விளைவு நன்றாக இருந்தால் கலப்பது சரி' என்பவர்கள் அந்த வைனுக்கு மதிப்பெண் போட்டிருப்பார்கள். அடுத்த வருடம், 1986இல், இத்தாலியில் மலிவு வைனின் ஆல்கஹால் அளவை உயர்த்த மெத்தனால் சேர்த்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வைன் வந்ததும் பியட்மாண்டிலிருந்துதான், வெர்மூத்தின் தாய்வீட்டிலிருந்து. வைனில் சாராயத்தைச் சேர்த்து வலுவேற்றுவது என்ற அதே செயல். 200 வருடம் முன்பு அங்கே ஒரு புகழ்பெற்ற பானத்தைத் தந்தது. இப்போது பிணங்களைத் தந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் பார்த்தோம். மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் கண் வித்தியாசம் சொல்லாது, நாக்கும் சொல்லாது. லின்கியூஸின் கண் யாருக்கும் கிடையாது. அதனால்தான் கலப்பவர் சொல்லும் வார்த்தைமேல் குடிப்பவரின் உயிர் நிற்கிறது. குடிச்சது தப்புதானே என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: இறந்தவர்கள் தேர்ந்தெடுத்தது சாராயத்தை, மெத்தனாலை அல்ல. அந்தத் தேர்வு அவர்களிடம் கொடுக்கப்படவே இல்லை. நல்ல காக்டெயிலைப் பற்றி ஒழுக்கரீதியாக யோசிப்பது மேல்தட்டு விளையாட்டு என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து குடிக்கும் வசதி எனக்கு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. அநீதி அங்கேதான் இருக்கிறது.

6

எங்கள் குடும்பத்தில் சில வருடங்களுக்கு முன் ஒரு திருமணம். மாப்பிள்ளையும் பெண்ணும் வேறு வேறு சாதி. பெரியப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அவர் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. என்னிடம் அமைதியாகச் சொன்னார்: "கலந்துட்டா அப்புறம் பிரிக்க முடியாதுடா தம்பி."

நான் அவரோடு முழுக்க முரண்படுகிறேன். ஆனால் அந்த வாக்கியம் முட்டாள்தனமானது அல்ல. ஸ்டோயிக்குகளின் கடற்பஞ்சு நிஜத்தில் வேலை செய்யாது. கலப்பது திரும்பப்பெற முடியாத செயல். மான்ஹாட்டனைக் கலைத்து விஸ்கியையும் வெர்மூத்தையும் மீட்க முடியாது. சுத்தத்தை மதிப்பவர்களின் பயத்துக்குள் இருக்கும் உண்மை இது: அவர்கள் கலப்பை மட்டும் பார்த்துப் பயப்படவில்லை, திரும்ப முடியாமையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

பிரித்தெடுக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு வேதியியலில் ஒரு பாடம் உண்டு. எத்தனாலையும் தண்ணீரையும் எத்தனை முறை வடித்தாலும் சாதாரண வடிப்பில் எடையளவில் 95.6 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அந்தப் புள்ளியில் ஆவியிலும் திரவத்திலும் விகிதம் ஒன்றாகிவிடும். கடைசித் தண்ணீர் விடாது. அதையும் துரத்த, பழைய முறையில் பென்சீன் சேர்த்து வடித்தார்கள். சுத்தமாக்குவதற்காகவே மூன்றாவதாக ஒரு நஞ்சைக் கலக்க வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்த 'முழுச் சுத்த' ஆல்கஹாலில் பென்சீன் எச்சம் தங்கும், குடிக்க ஆகாது. இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. கடைசிச் சொட்டு அந்நியத்தையும் வெளியேற்றத் துடிக்கிற ஒரு சமூகம், அதற்காக எதைத் தனக்குள் ஊற்றிக்கொள்கிறது என்று நமக்குத் தெரியும். செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது.

ஆனால் உவமையை இங்கே நிறுத்த வேண்டும். ஏனென்றால் உவமையே பெரியப்பாவின் பக்கம் சாய்ந்திருக்கிறது. விஸ்கிக்கு விருப்பம் கிடையாது. வெர்மூத்திடம் சம்மதம் கேட்க முடியாது. அங்கே ஒழுக்கக் கேள்வி குடிப்பவரைச் சார்ந்தது: அவருக்குச் சொன்னாயா, அவரால் மறுக்க முடியுமா? மனிதர்கள் கலக்கும்போது அந்தக் கேள்வி இடம் மாறிவிடுகிறது. கலப்பவர்கள்தான் அங்கே மனிதர்கள். தெரிந்திருக்க வேண்டியவர்களும் மறுக்க முடிந்திருக்க வேண்டியவர்களும் அவர்கள் இருவர் மட்டுமே. பெரியப்பா தன்னைக் குடிப்பவரின் நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, இரண்டு பேரை இரண்டு புட்டிகளாகப் பார்த்தார். 'எங்க ரத்தத்தக் கெடுத்துட்டாங்க' என்று சொல்லும் எல்லாரும் உட்காரும் நாற்காலி அதுதான். அந்த நாற்காலி அவர்களுடையது அல்ல.

திரும்ப முடியாமை பற்றி அவர் சொன்னதற்கும் இதே பதில். திரும்ப முடியாத ஒன்றைத் தெரிந்தே, மறுக்க முடிந்தும் மறுக்காமல் செய்வதற்குத்தான் நாம் வாக்குறுதி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

7

மென்பொருளில் தினமும் நான் செய்வதும் கலவைதான். ஒரு சின்ன வேலைக்கு யாரோ எழுதிய நூற்றுக்கணக்கான நூலகங்களை இழுத்துப்போட்டுக் கலக்கிறோம். எம்ஐடி உரிமம் என்று ஒன்று உண்டு. திறந்த மூல உலகில் பரவலானது. என்ன வேண்டுமானாலும் செய்துகொள், விற்றுக்கொள், மாற்றிக்கொள் என்று அனுமதிக்கும் அது, வைக்கிற முக்கியமான நிபந்தனை ஒன்றுதான்: என் பெயருள்ள அறிவிப்பை அழிக்காதே. சுத்தமாக இரு என்று அது கேட்கவில்லை. கலந்ததை மறைக்காதே என்று கேட்கிறது. கலவைக்கும் கலப்படத்துக்கும் இடையிலான கோட்டை இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மறைப்பது எப்போதும் கெட்ட நோக்கத்தோடு நடப்பதும் இல்லை. மான்ஹாட்டனுக்கு மூன்றே பொருட்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? எல்லாச் செய்முறைகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அந்த அரை நிமிடக் கலக்கலில் ஐஸ் உருகி, கோப்பைக்கு வருவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. பிட்டர்ஸைவிடப் பல மடங்கு. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் பானம் தொண்டையைக் கீறும். பட்டியலில் பெயரில்லாத, ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள். நாம் பெருமையோடு கலவை என்று கொண்டாடும் ஒவ்வொன்றிலும், ஒரு சமையலில், ஒரு நகரத்தில், ஒரு மொழியில், இப்படிப் பெயர் விடுபட்ட யாரோ இருப்பார்கள். கலப்படத்தைக் கண்டிப்பது எளிது. நல்ல கலவையில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்பது கொஞ்சம் கஷ்டம்.

மான்ஹாட்டனின் பிறப்புக் கதையிலும் ஒரு கலப்படம் உண்டு. வின்ஸ்டன் சர்ச்சிலின் அம்மா 1874இல் நியூயார்க்கின் மான்ஹாட்டன் கிளப்பில் கொடுத்த விருந்தில் பிறந்தது என்பார்கள். அந்த வருடக் கடைசியில் அவர் இங்கிலாந்தில் வின்ஸ்டனைப் பெற்றுக்கொண்டிருந்தார். யாரோ ஒரு மதுக்கடை ஊழியர் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவர் பெயரும் தண்ணீரின் பக்கத்தில் இருக்கிறது.

இதைச் செய்துபார்க்க விரும்புபவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. கலப்பதற்கு முன் ரை விஸ்கியில் ஒரு மிடறு தனியாகக் குடியுங்கள். பிறகு வெர்மூத்தில் ஒரு மிடறு தனியாக. அதன் கசப்பு எங்கே உட்காருகிறது என்று கவனியுங்கள். அதற்கப்புறம் கலக்குங்கள். தனித்தனியாக அறிந்தவருக்குத்தான் கலந்த பிறகும் இரண்டும் கேட்கும். வெர்மூத் புட்டியைத் திறந்துவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வலுவூட்டியதுதான் என்றாலும் அதுவும் வைன், ஒரு மாதத்துக்குமேல் வெளியே விட்டால் செத்துவிடும். விருந்தாளிக்குக் கொடுக்கும்போது உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். தண்ணீரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் மறுபடி கேட்காதீர்கள்.